பதினேழாம் டோக்கன்

மார்ச் 4

அக்கா,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தாளை மாற்றாமல் தொடர்கிறேன்.

இதோடு ஒரு படிவம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. விஷயம் இதுதான். என் மண்டைக்குள் இருந்த கட்டியைக் கண்டுபிடித்த ஹார்மோன் டாக்டர் மே மாதம் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். உன்னைப் போல ரெண்டு ரூமில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், நாற்பது பேருக்கு. அந்த மாதிரிக் கட்டியால் உடம்பில் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் ஆள் எப்படி மாறிப்போவாள், எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும், எந்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையை எப்படிக் குறைக்க வேண்டும், இதெல்லாம் பாடம். முதல் நாள் காலை முழுக்க நான்தான் பாடப் புத்தகம்.

என் பழைய போட்டோக்களை வருஷ வரிசையில் திரையில் போட வேண்டும் என்று கேட்டார். முகம் எப்படி உருண்டது என்று பார்த்தாலே பாதி பாடம் புரிந்துவிடுமாம். ஐந்து எடுத்துக் கொடுத்தேன். ஐந்திலும் நீ என் பக்கத்தில் நிற்கிறாய். ஒன்றில் என் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு நிற்கிறாய். “பக்கத்துல நிக்கிறவங்க யாரு?” என்றார். “எங்க வீட்டு டாக்டர்” என்றேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து இந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். படத்தில் இருக்கும் எல்லோரும் ஒப்புதல் தர வேண்டும். தராதவர் முகத்தின்மேல் கறுப்புக் கட்டம் போட்டுவிடுவார்கள். அது அவர்கள் விதி.

எனக்கு உன் முகம் அங்கே தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம், வேறு உறவாட இல்லை.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். உன் நம்பரை இரண்டு வருஷத்துக்கு முன்பே தடுத்து வைத்துவிட்டேன். எடுத்துவிடவும் மாட்டேன். நீ வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் என்னை ஜெயித்தாய். காகிதத்தில் உன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது.

நீ வைத்த பேரில்,
பூசணி

மார்ச் 15

அடியே,

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் என்றதும் நர்ஸ் கையிலிருந்து பிடுங்கிப் பிரித்தேன். பிரித்தால் படிவம். அரசாங்க ஆபீஸிலிருந்து வந்தது போல இருந்தது.

கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். கறுப்புக் கட்டமே போடச் சொல். அந்த ஐந்து வருஷத்தில் நானும் பெருத்திருக்கிறேன், கட்டத்தைக் கொஞ்சம் அகலமாகவே போடச் சொல்.

சரி, நேராகவே பேசுகிறேன். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் இல்லை. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த வியாதி பத்து லட்சம் பேரில் சில பேருக்கு வருவது. காலேஜில் ஒரே ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்தார்கள், அதிலும் பாதி நேரம் கரண்ட் இல்லை. பதினெட்டு வருஷமாக நான் பார்ப்பது சளி, சர்க்கரை, பிரஷர், முதுகுவலி. எடை கூடி வருகிறவர்களில் ஆயிரத்தில் ஆயிரம் பேரும் சாப்பாட்டினால்தான் கூடியவர்கள். ஆயிரத்து ஒன்றாவது ஆள் என் வீட்டிலேயே பிறந்திருப்பாள் என்று நான் எந்த ஜோசியனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

என்னைத் தவிர இன்னும் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். எலும்பு டாக்டர் பெல்ட் கொடுத்தார். மனநல டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அவர்கள் முகம் எல்லாம் திரையில் வருமா? வராது. அவர்கள் உன் கன்னத்தைக் கிள்ளவில்லை, அதனால் போட்டோவில் இல்லை. அன்பாகப் பக்கத்தில் நின்றவள் மட்டும் மாட்டிக்கொண்டாள்.

இந்த ஊரில் எனக்கு இருப்பது என் பேர் ஒன்றுதான். நாற்பது டாக்டர்கள் நடுவில் அதைப் போட்டு மிதித்தால் உனக்கு என்ன கிடைக்கும்? அம்மா இருந்திருந்தால் இதற்குச் சம்மதிப்பாளா? யோசி.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு மடங்காக்க வேண்டும், தெரியுமல்லவா?

அக்கா

மார்ச் 22

அக்கா,

அம்மா பேரை எடுத்தாய். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

அம்மா வீட்டு பிரிட்ஜுக்குப் பூட்டு வாங்கி வந்தது யார்? சைக்கிள் பூட்டு. சங்கிலியைக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டி, சாவியை அம்மா கையில் கொடுத்தாய். “இவ எல்லாரும் தூங்கினப்புறம் எந்திரிச்சுத் திங்கிறாம்மா. கேட்டா ஒத்துக்க மாட்டா. டாக்டரா சொல்றேன், பூட்டி வை” என்றாய். நான் சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் எழுந்தது தின்ன இல்லை. அந்த வியாதி தூங்கவிடாது. நாக்கு வறண்டு தண்ணீர் குடிக்கப் போவேன். இப்போது எந்த முதல் வருஷ மாணவனைக் கேட்டாலும் சொல்வான்.

நான் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். வயிற்றிலும் தொடையிலும் விரல் அகலத்துக்கு ஊதா ஊதாவாகக் கோடு விழுந்தது. முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். ஒரு நாள் குளத்து ஏணியில் என்னால் ஏற முடியவில்லை. தொடையில் பலமே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் என் கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். அடுத்த வாரம் வேலை போனது. அன்று சாயங்காலம் நீ வந்து, “தண்ணி மட்டம் ஏறிடுச்சுன்னு நிறுத்திட்டாங்களா?” என்று கேட்டாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் அந்தச் சாவி அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது, “நான் போனப்புறமாவது வாயைக் கட்டுடி.” அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் என் மண்டையில் பட்டாணி அளவு கட்டி இருப்பது தெரிந்தது. அம்மா அது தெரியாமலே போய்விட்டாள். வீட்டில் ஒரு திருடியை வளர்த்தோம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அக்காவை மன்னித்துவிடு என்று என்னிடம் வந்து சொல்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவளிடம் ஒரு நிமிஷம் பேசிவிட்டு மன்னிக்கிறேன்.

மற்ற மூன்று டாக்டர்களை நான் மறக்கவில்லை. ஆனால் அவர்கள் யாரும் எனக்குப் பேர் வைக்கவில்லை.

உன் முகத்துக்குக் கட்டம் போட்டுக்கொள். என் வாய்க்கு யாரும் கட்டம் போட முடியாது. “என் கூடப் பிறந்த அக்காதான் என் டாக்டர்” என்று சொல்வேன். எனக்கு எத்தனை அக்கா என்று ஊருக்கே தெரியும்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டாயே, இந்த அக்கறை ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது?

பூசணி

ஏப்ரல் 2

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பூட்டு வாங்கி வந்தது நான்தான். அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் மற்றதற்குப் பதில் இருக்கிறது. ஒரு டாக்டராகச் சொல்கிறேன், கேள். அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

என்னிடம் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. டோக்கன் வாங்க வேண்டும். நர்ஸ் வாசல் மேஜையிலேயே எடை, பிரஷர் பார்த்து நீள நோட்டில் எழுதுவாள். அப்புறம் உள்ளே வந்து ஸ்டூலில் உட்காருவார்கள், நான் நாக்கு பார்ப்பேன், வயிற்றைத் தொடுவேன், எழுதுவேன். எழுதும்போதுதான் எனக்கு யோசனையே ஓடும். தெரிந்தவர், தெரியாதவர், எதிரி, எல்லோருக்கும் இதே வரிசைதான்.

நீ எப்போது அந்த வரிசையில் வந்தாய்? நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, “அக்கா, முதுகு வலிக்குது” என்பாய். குழந்தைக்குத் தலை வாரும்போது, “அக்கா, எனக்கு மூணு மாசமா தள்ளிப் போகுது” என்பாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஏதாவது ஒரு மாத்திரைப் பேரைச் சொல்வேன். உனக்கு ஒரு சீட்டு கிடையாது, ஒரு நோட்டுப் பக்கம் கிடையாது. இந்த ஊரில் நான் எழுதி வைக்காத ஒரே நோயாளி நீதான். வீட்டு ஆளை யாரும் வரிசையில் நிற்க வைப்பதில்லை. அது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்தத் தப்பில் பாதி உன்னுடையது. சமையலறையில் சொன்னால் சமையலறைப் பதில்தான் கிடைக்கும்.

ஒரே ஒரு தடவை, மற்றவர்களைப் போல டோக்கன் வாங்கி என் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தால் நான் உன் வயிற்றைப் பார்த்திருப்பேன். அந்தக் கோடுகளைப் பார்த்திருப்பேன். அம்மா மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 8

சத்தியம் பண்ணிவிட்டாயா? நல்லது.

வந்தேன். டோக்கன் பதினேழு. மஞ்சள் அட்டை, மூலை மடங்கியது. அம்மா போவதற்கு முந்தின வருஷம், ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. சமையலறையில் சொன்னால் நீ கேட்கவில்லை என்றுதான் வந்தேன். நீ இப்போது சொல்கிற யோசனை எனக்கு அப்போதே வந்துவிட்டது, பார்.

ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு பக்கம் இருமிக்கொண்டிருந்த டெய்லர். இன்னொரு பக்கம் கைக்குழந்தையோடு ஒருத்தி. நர்ஸ் எடை பார்த்தாள். பிரஷர் பார்த்தாள். கருவியைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டிப் பார்த்தாள். “அக்கா, இது என்ன இவ்வளவு இருக்கு?” என்று என்னிடமே கேட்டாள். என் கையில் இருந்த கன்றலைப் பார்த்துவிட்டு அதையும் எழுதினாள். எனக்கு அழுகை வந்தது. முதல் தடவையாக யாரோ என்னைப் பற்றி ஏதோ எழுதுகிறார்களே என்று.

பதினாறாம் ஆள் வெளியே வந்ததும் நீ அவனோடு பேசிக்கொண்டே கதவு வரைக்கும் வந்தாய். என்னைப் பார்த்தாய். என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது, சொல்கிறேன்.

“அடடே, பூசணிக்கு எதுக்குடி டோக்கன்? பூட்டுக்குச் சாவி கேட்டு மனு கொடுக்க வந்தியா?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. டெய்லர் சிரித்துச் சிரித்து இருமினான். குழந்தைக்காரியும் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ என் தலையைத் தட்டிவிட்டு, “வீட்டுக்குப் போ, சாயங்காலம் வரேன்” என்று பதினெட்டைக் கூப்பிட்டாய்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். உன் கை என்னை அடிக்கவும் இல்லை, தொட்டுப் பார்க்கவும் இல்லை. தலையைத் தட்டியது, அவ்வளவுதான்.

சாயங்காலம் நீ வரவில்லை.

இப்போது சொல். சத்தியத்தை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறாய்?

ஏப்ரல் 19

நீ பொய் சொல்கிறாய் என்று காட்டத்தான் தேடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய நோட்டுகள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் பூட்டியிருக்கும்போது போய் உட்கார்ந்தேன். ஜூலை நோட்டு எலி கடித்து ஓரம் போயிருந்தது. முதல் செவ்வாய், இல்லை. இரண்டாவது, இல்லை. எனக்குள் ஒரு குஷி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது செவ்வாயில் இருந்தாய்.

டோக்கன் 17. உன் பேர். எடை எண்பத்தொன்பது. பிரஷர் நூற்றி எழுபதுக்கு நூற்றிப் பத்து. அதன் கீழே, ‘மறுபடி பார்த்தது, அதேதான்’. அதன் கீழே, ‘இரண்டு கையிலும் ரத்தம் கன்றியுள்ளது. அடி படவில்லை என்கிறார். பெஞ்சிலிருந்து எழக் கை ஊன்றுகிறார்.’ பத்தாவது படித்த பெண் அவள். நான்தான் ஊசி போடவும் பிரஷர் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். நீ சொல்கிற அந்த இரண்டு நாள் வகுப்பின் முதல் பாதி முழுவதும் அவள் எழுதிய நாலு வரியில் இருக்கிறது.

கடைசிக் கட்டம் டாக்டர் குறிப்பு. என் கையெழுத்து. ‘தங்கை’ என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. வேறு ஒன்றும் இல்லை.

கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. எலியின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, ஒரு தடவை இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பிளேடு எடுத்து ஸ்கேல் வைத்துப் பக்கத்தை வெட்டி எடுத்தேன். இதோடு இருக்கிறது. நகல் இல்லை, அசல். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் எனக்குத் தைரியம் இல்லை.

சத்தியத்தை எங்கே வைப்பது என்று கேட்டாய். தெரியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று மூன்று தாளைக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நடுவில் எப்படியோ ஒரு ஜோக் வந்துவிடுகிறது. எனக்கே பயமாக இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 25

பக்கம் வந்து சேர்ந்தது. கிழிக்காமல் அனுப்பியதற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. அது என்னுடையது, என்னிடம் வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய் அல்லவா? யோசித்துவிட்டேன். ரொம்ப நேரம் ஆகவில்லை.

வகுப்பின் முதல் நாள் காலையில் ஒரு காட்சி நடித்துக் காட்டுவார்கள். மேடையில் ஒரு பெஞ்சு, ஒரு மேஜை. நோயாளியாக நான். டாக்டராக ஹார்மோன் டாக்டரே நடிப்பதாக இருந்தது. அவர் எழுதி வைத்திருக்கும் வசனம், “அம்மா, நீங்க கொஞ்சம் நடைப்பயிற்சி செய்யணும்” என்று பல் இல்லாத வசனம். அதைப் படித்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ வா. நீ டாக்டராக நில். உன் வசனத்தை நீயே சொல். ஒரு எழுத்து மாறக் கூடாது. டோக்கன், பூசணி, பூட்டு, சாவி, மனு, எல்லாம் வர வேண்டும். தலையில் தட்ட வேண்டும். பதினெட்டைக் கூப்பிட வேண்டும்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டாம். நாற்பது டாக்டர்கள் முன்னால் அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வர வேண்டும். அது அவர்கள் காதில் விழும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று நீ நின்று பார்க்க வேண்டும். அதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக நான் படுக்கையில் கிடந்து, எலும்பெல்லாம் வலித்து, கார்ட்டிசால் இல்லாமல் உடம்பு மறுபடி பழகும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது, இப்படி ஒரு நாளைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

டாக்டரிடம் பேசிவிட்டேன். அவர், “உங்க அக்கா நிஜமாவே வருவாங்களா?” என்று கேட்டார். “வருவாங்க, பேர் போனவங்க” என்றேன்.

பூசணி

மே 2

வருகிறேன்.

இரண்டு விஷயம். ஒன்று, வெள்ளைக் கோட்டுப் போட வேண்டுமா? அன்று நான் போட்டிருக்கவில்லை, பச்சைச் சேலைதான். பச்சையே கட்டி வருகிறேன்.

இரண்டாவது, நிபந்தனை என்று வைத்துக்கொள், கெஞ்சல் என்று வைத்துக்கொள். என் பேரையும் கிளினிக் பேரையும் சொல்லக் கூடாது. யாரோ நாடகக்காரி என்று நினைத்துக்கொள்ளட்டும். நீ கேட்டதைச் செய்துவிட்டுப் பக்கக் கதவு வழியாகப் போய்விடுகிறேன். எனக்கு இன்னும் பத்து வருஷமாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் கொடு. வாக்குக் கொடு.

மே 6

சரி. வாக்கு.

மே 18

அக்கா,

நீ பார்த்ததை நான் திருப்பிச் சொல்ல வேண்டாம். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என்ன தெரிந்தது, நீ போன பிறகு என்ன நடந்தது, அதை மட்டும் எழுதுகிறேன்.

பெஞ்சில் மஞ்சள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை எண்ணினேன், நாற்பத்திரண்டு பேர். உன் முகத்தில் கறுப்புக் கட்டத்தோடு போட்டோ ஐந்தும் காட்டியாகிவிட்டது. ஊதாக் கோடுகள் காட்டியாகிவிட்டது. எச்சில் பரிசோதனை, இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர், எல்லாம் சொல்லியாகிவிட்டது. இந்த வியாதி என்னவென்று ஹாலில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் நீ மேடையேறினாய்.

நீ சொன்னாய். ஒரு எழுத்து மாறவில்லை.

அவர்கள் சிரித்தார்கள்.

நாற்பத்திரண்டு பேரும், அக்கா. முன் வரிசையில் கண்ணாடி போட்ட பெரியவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் எதிர்பார்த்தது வேறு. அவர்கள் உன்னைப் புழுவைப் போலப் பார்ப்பார்கள் என்று கனவு கண்டிருந்தேன். நீ சொல்கிற விதம் அப்படி. பாவி, உனக்கு அது பிறவியிலேயே இருக்கிறது. எனக்கு மறுபடியும் அந்தப் பெஞ்சே வந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன். நீ என் தலையைத் தட்டிவிட்டுப் பதினெட்டைக் கூப்பிட்டாய்.

அவர்கள் சிரித்து முடிக்கும் வரைக்கும் டாக்டர் காத்திருந்தார். அப்புறம் உன் நோட்டுப் பக்கத்தைத் திரையில் போட்டார். எடை, பிரஷர், கன்றல், கை ஊன்றி எழுவது. தங்கை. கோடு. “இப்ப சிரிச்சவங்க கையைத் தூக்குங்க” என்றார். மெதுவாக ஒவ்வொரு கையாக மேலே வந்தது. அப்போதுதான் நீ பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனாய்.

அதற்கு அப்புறம் நடந்தது. தொடையைத் தட்டின பெரியவர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த நடிகை எந்த நாடகக் குழு? எங்க ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடணும்” என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார்.

நான் எழுந்தேன். கையை எங்கும் ஊன்றாமல், கட்டிக்கொண்டே எழுந்தேன், அவர்கள் எல்லோரும் பார்க்க. “அவங்க நடிகை இல்ல. அவங்கதான் அந்த டாக்டர். என் கூடப் பிறந்த அக்கா” என்றேன். உன் பேரைச் சொன்னேன். கிளினிக் பேரைச் சொன்னேன். மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் படி உடைந்திருக்கும், பார்த்து ஏறணும் என்பது வரைக்கும் சொன்னேன். யாரோ எழுதிக்கொண்டார்கள். நம்பர் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன்.

ஆமாம், வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுக்கும்போதே காப்பாற்றப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நீயும் சாயங்காலம் வருகிறேன் என்றுதான் சொன்னாய்.

பழி வாங்கினால் மனசு வெறிச்சோடிப் போகும் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு யாரும் பூட்டுப் போடவில்லை போல. எனக்கு நன்றாகப் பசித்தது. மத்தியானம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பூசணி

ஜூன் 3

கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டாய். திட்டுவதற்காக இரண்டு வாரம் காத்திருந்தேன். திட்டு வரவில்லை, வேறு ஒன்றுதான் வந்தது. அதை எழுதுகிறேன்.

நான் பயந்தபடி யாரும் கல்லெறியவில்லை. என் நோயாளிகளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஆனால் போன் வருகிறது. நீ நம்பர் கொடுத்தாயே, அவர்கள்தான்.

முதலில் அந்தப் பெரியவர். மத்தியானம் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். “டாக்டர், ரெண்டு நிமிஷம் பேசலாமா?” என்றார். ஒரு பஸ் கண்டக்டராம், பெண். மூன்று வருஷமாக அவரிடம் வந்தாளாம், முகம் வீங்கி, சர்க்கரை ஏறி. “‘வீட்ல உக்காந்து சீரியல் பாக்காதே’ன்னு அனுப்பிட்டேன்” என்றார். அவள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லையாம். இப்போது அவள் வருவதில்லை. அடுத்த நாள் ஒரு நர்ஸ். அதற்கு அடுத்த நாள் இரண்டு பேர். நேற்றோடு ஒன்பது. ஒவ்வொருவரிடமும் ஒரு ஆள் இருக்கிறாள், திருப்பி அனுப்பப்பட்டவள். எல்லோரும் அதை என்னிடம்தான் கொட்டுகிறார்கள். வேறு யாரிடம் சொல்வார்கள்? கூட வேலை பார்க்கிறவனிடம் சொன்னால் பேர் போய்விடும். பேர் போனவள் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

பாவ மூட்டை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல்லாக என்னை ஆக்கிவிட்டாய். இது நீ போட்ட கணக்கா, தானாக நடந்ததா என்று தெரியவில்லை. எதுவானாலும் இதைவிடப் பெரிய தண்டனை உன்னால் யோசித்திருக்க முடியாது. ஒவ்வொரு கதையிலும் நான் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போனை வைப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். ஆரம்பத்திலேயே கேட்க வெட்கப்பட்டுக் கடைசியில் கேட்கிறார்கள். “உங்க தங்கச்சி உங்களை மன்னிச்சிட்டாங்களா?”

ஒன்பது பேரிடமும் இல்லை என்றுதான் சொன்னேன். பத்தாவது ஆள் நாளையோ மறுநாளோ கூப்பிடுவார். அவரிடம் என்ன சொல்ல?

அவர்களுக்காக மட்டும் கேட்கவில்லை.

அக்கா

ஜூன் 9

அக்கா,

இல்லை என்றே சொல்.

பத்தாவது ஆளிடமும் சொல், ஐம்பதாவது ஆளிடமும் சொல். நவம்பரில் அடுத்த வகுப்பு இருக்கிறது, அதற்கும் நீ வர வேண்டும். அங்கே யாராவது கேட்டால் மேடையிலிருந்தே சொல். உனக்காகக் கேட்டாலும் இதே பதில்தான்.

காரணமும் சொல்கிறேன், வெறும் வன்மம் என்று நினைத்துக்கொள்ளாதே. வன்மமும்தான். ஆனால் தங்கை மன்னித்துவிட்டாள் என்று நீ சொன்னால் அவர்கள் போனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். தங்களையும் எவளோ ஒருத்தி எங்கேயோ மன்னித்திருப்பாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இல்லை என்று சொன்னால்தான் அந்தப் பெரியவர் பஸ் டெப்போவுக்குப் போய் அந்தக் கண்டக்டர் எந்த ரூட்டில் ஓடுகிறாள் என்று விசாரிப்பார். மற்றவர்களும் பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டி அவளவள் எங்கே இருக்கிறாள் என்று தேடுவார்கள்.

ஒன்பது பேர் கதையை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் மாடிப்படிக்கு அடியில் பதினெட்டு வருஷ நோட்டு இருக்கிறது. அதில் நீ என் பக்கத்தைத் தவிர வேறு எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாய் என்று ஒரு வரி எழுதவில்லையே.